கல்லுப்பு போட்ட ஐஸ் பெட்டி

போன வாரம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆய்வகத்தில் என் மேசைக்கு வந்தவள்.

"அக்கா, தசை உறைய வெக்கிற மூலையக் காலி பண்ணிட்டாங்க. இப்ப அங்க தண்ணி கேன் நிக்குது. யாரும் சதைத் துண்டு அனுப்பறதே இல்லீங்க, ரத்தம் எடுத்து ஜீன் டெஸ்டுக்கு அனுப்பிடறாங்க. நீங்க வேலை பாத்ததப் பத்தி எழுதிக் குடுங்க, டிபார்ட்மென்ட் மலருல போடறோம்."

"காலியானா நல்லதுதானே அம்மணி, அதுக்கு எதுக்கு இழவு வீட்டுக் குரல்ல பேசறே?" என்றேன்.

உண்மையாகவே நல்லதுதான். ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிகிற விஷயத்துக்குக் குழந்தையின் தொடையைக் கிழிக்க வேண்டும் என்று யாராவது ஆசைப்படுவார்களா? அந்த மூலையை நினைத்து நான் ஏங்கவில்லை. ஆனால் போனை வைத்ததும் பல்லடத்துப் பழனிசாமியின் ஐஸ் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. அன்று இரவு சோறு இறங்கவில்லை. சரி, அதையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் எஸ்தர். கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆய்வக டெக்னீஷியனாகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து வெளியே வந்தவள். தொண்டாமுத்தூர்ப் பக்கம் பிறர் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம். அம்மாவின் பிடிவாதத்தால் டிப்ளமா படித்தேன். முதல் வருடம் பாட்டில் கழுவியதையும் ஸ்லைடில் விரலை அறுத்துக்கொண்டதையும் எழுதினால் திவ்யாவுக்கே கொட்டாவி வரும். விட்டுவிடுகிறேன்.

எங்கள் மூலைக்கு வந்த தசைத் துண்டுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியோடுதான் வரும். டிஸ்ட்ரோஃபின் இருக்கிறதா? அது ஒரு புரதம். நம் தசை என்பது நார் நாராகக் கட்டிய கட்டு. ஒவ்வொரு நாரையும் சுற்றி மெல்லிய சவ்வு. நாருக்குள்ளே ஆக்டின் என்ற இழைகள் ஓடுகின்றன. டிஸ்ட்ரோஃபின் தன் ஒரு முனையால் ஆக்டினைப் பிடித்துக்கொள்ளும், மறு முனையால் சவ்வைப் பிடித்துக்கொள்ளும். நாம் நடந்தால், படியேறினால், சும்மா உட்கார்ந்து எழுந்தால்கூட சவ்வு இழுபடுகிறது. அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்வது இந்தப் புரதம்தான். அது இல்லாத பிள்ளைகளுக்குச் சவ்வு கிழிகிறது. உடம்பு ஒட்டுப் போட்டுப் பார்க்கும், மறுபடி கிழியும். கடைசியில் தசை இருந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் இந்த நோய் பையன்களுக்குத்தான் வரும். பால்குடி மறந்த வயதில் அடிக்கடி விழ ஆரம்பிப்பார்கள், பத்துப் பன்னிரண்டு வயதில் நடை நின்றுபோகும், பிறகு மூச்சுக்கும் நெஞ்சுக்கும் வந்துவிடும். தள்ளிப்போட மாத்திரை உண்டு. அடியோடு குணமாக்க இன்றைக்கும் வழியில்லை.

இதைக் கண்டுபிடிக்கிற வேலையில் என் பங்கு, அந்தத் துண்டைக் கெடாமல் உறைய வைத்து, சீவி, சாயம் ஏற்றுவது. அறுத்தெடுத்த தசையை உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் வைத்துக் குளிர்ச்சியாகக் கொண்டுவர வேண்டும். குளிர்ச்சி வேறு, உறைவது வேறு. மெதுவாக உறைந்தால் தசைக்குள் இருக்கும் தண்ணீர் பெரிய பெரிய ஐஸ் ஊசிகளாகி நாரைக் குத்திப் பொத்தலாக்கிவிடும். ஃப்ரீசரில் மறந்துபோன தக்காளியை வெளியே எடுத்து வைத்தால் கொழகொழவென்று சரிகிறதே, அதே கதை. ஆகையால் நாங்கள் கண் இமைக்கும் நேரத்தில் உறைய வைப்போம். பெட்ரோல் வாடை அடிக்கும் ஒரு திரவத்தைக் குவளையில் ஊற்றி, குவளையைத் திரவ நைட்ரஜனில் இறக்கிக் காத்திருப்பேன். அடியில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி தட்ட ஆரம்பித்தால் பக்குவம் வந்துவிட்டது. அப்போது தசைத் துண்டை உள்ளே விட வேண்டும். அந்த நேரத்தில் யாராவது "டீ வந்துருச்சு" என்று கத்தினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். டீக்காரப் பையனுக்கே தெரியும்.

உறைந்ததை மெல்லிசாகச் சீவி ஸ்லைடில் ஒட்டி, ஆன்டிபாடி ஊற்றுவோம். ஆன்டிபாடி தன் ஆளைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றுவோம். நல்ல தசையில் ஒவ்வொரு நாரையும் சுற்றி அழகான பழுப்புக் கோடு விழும். டிஸ்ட்ரோஃபின் இல்லாத பிள்ளையின் ஸ்லைடில் கோடே இருக்காது.

இங்கேதான் எங்கள் டாக்டர் வசுமதி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தின் தலைவி. அதிர்ந்து பேச மாட்டார், சிரிக்கவும் மாட்டார். டிஸ்ட்ரோஃபின் ஸ்லைடைக் கொண்டுபோய் நீட்டினால் தொட மாட்டார். "ஸ்பெக்ட்ரின் எங்கே?" என்பார். ஸ்பெக்ட்ரின் என்பது அதே சவ்வுக்கு அடியில் இருக்கும் இன்னொரு புரதம். இந்த நோய் வந்த பிள்ளைக்கும் அது இருக்கும். அனுப்பிய துண்டு கெட்டுப்போயிருந்தால்தான் அதன் கோடு அழியும். ஆகவே மேடம் முதலில் ஸ்பெக்ட்ரினைப் பார்ப்பார். அதில் கோடு சரியாக இருந்தால் மட்டுமே டிஸ்ட்ரோஃபினைக் கையில் எடுப்பார். எத்தனை அவசரமானாலும், கீழே எந்தப் பெரிய டாக்டர் நின்று கத்தினாலும் இந்த வரிசை மாறாது. ஸ்லைடில் எழுதிய பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் பார்ப்பார். பார்த்து முடித்ததும் கை கழுவிவிட்டு, பெற்றோரை உள்ளே கூப்பிட்டு, மேசைக்கு எதிரே உட்காராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர்கள் பக்கத்தில் உட்காருவார். "பேஷன்ட்" என்று சொல்ல மாட்டார். பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்.

பழனிசாமி வந்தது ஒரு சித்திரை மாதம். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தவர், பெரிய ஷெட்டுகள். மனைவி சுதா. மகன் கவினுக்கு அப்போது ஆறு வயது. மேடம் அவனைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார். முதலில் நாலு கால் போட்டு, பிறகு முழங்காலில் கை ஊன்றி, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழுந்து நின்றான். நின்றதும் எங்களைப் பார்த்துச் சிரித்தான், ஏதோ வித்தை காட்டி முடித்தவன் மாதிரி.

"கெண்டைக்காலப் பாருங்க மேடம், என்னமா உருண்டு தெரண்டிருக்குது," என்றார் பழனிசாமி. "கபடிக்காரன் காலுன்னு எங்க ஒறம்பரைச் சனமெல்லாம் சொல்றாங்க. கால் இத்தன கட்டா இருக்குது, ஏன் உழுகறான்னுதானுங்க புரியல."

நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இந்த நோயில் கெண்டைக்கால் அப்படித்தான் பருக்கும்.

ரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஜீன் சோதனையில் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் கோளாறு பிடிபடாது, கவினுக்கும் பிடிபடவில்லை. இதே மாதிரி தெரிகிற வேறு தசை நோய்களும் உண்டு, அவற்றில் ஒன்றிரண்டு மருந்துக்குக் கட்டுப்படும். ஆக, தசையை எடுத்துப் பார்த்தால்தான் ஆயிற்று.

மேடம் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். ஆக்டின், சவ்வு என்றால் பழனிசாமிக்கு என்ன தெரியும்? மேடம் கேட்டார், "உங்க ஷெட்டுல பக்கத்துப் படுதாவை எப்படிக் கட்டியிருக்கீங்க?"

"கம்பத்துல கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்குதுங்க."

"ஆடிக் காத்துல அந்தக் கயிறு இல்லேன்னா?"

"ரெண்டு நாளு தாங்காதுங்க. படபடன்னு அடிச்சு அடிச்சே கிழிஞ்சு போயிருமுங்க."

"கவின் தசையில அந்தக் கயிறு இருக்கான்னுதான் பாக்கப் போறோம்."

அவர் தலையை ஆட்டினார். சுதா மெதுவாகக் கேட்டாள், "அடுத்த கொழந்தைக்கு இத்தன நாளாப் பொறுத்துட்டு இருக்கறமுங்க மேடம். இவனுக்கு என்னன்னு தெரிஞ்சுபோட்டா..."

"தெரிஞ்சதும் சொல்றேன். அதுவரைக்கும் பொறுங்க," என்றார் மேடம். "இதுல ஒரு வகை அடுத்த பையனுக்கும் வரலாம். என்னன்னு தெரிஞ்சா, வயித்துல இருக்கும்போதே பாக்கறதுக்கு வழி தேடலாம். தெரியாம ஒண்ணும் பண்ண முடியாது."

இதுதான் சங்கதி. ஒரு துண்டுத் தசை கவினுக்கு மட்டும் பதில் சொல்லப் போவதில்லை, இன்னும் பிறக்காத ஒன்றுக்கும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறது.

பையன் பயப்படுவான் என்று, பல்லடத்திலேயே பழக்கமான சின்ன மருத்துவமனையில் தசையை எடுத்து அனுப்புவதாக ஏற்பாடு. கொண்டுவருவது பழனிசாமி. அவரை நிறுத்தி வைத்து நானே சொன்னேன், "குளிர்ச்சியா வந்தாப் போதுமுங்க. ஐஸ் மேல படக்கூடாது, உறைஞ்சு போகக்கூடாது."

"அதெல்லாம் எனக்குச் சொல்லோணுமுங்களா அக்கா? கோழிக் குஞ்சுக்குத் தடுப்பு மருந்து நான்தானுங்க கொண்டாறது. பெட்டியே இருக்குது."

எங்கள் அப்பா அவர் மாதிரி ஆட்களை வாய்க்கு வாய் "ங்க" போட்டுத்தான் கூப்பிடுவார், பதிலுக்கு "டேய்" என்று வரும். இவர் என்னை அக்கா என்றார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாள் வந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே ஆள் வந்துவிட்டார், பல்லடத்திலிருந்து எங்கும் வண்டியை நிறுத்தாமல். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நீலப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்தேன். ஐஸுக்கு நடுவில் குப்பி புதைந்து கிடந்தது. விரலை வைத்தேன், சுரீர் என்றது. சாதாரண ஐஸ் அப்படிச் சுடாது. பார்த்தால், ஐஸ் முழுக்கக் கல்லுப்பு.

"உப்புப் போட்டீங்களா?"

"ஆமாங்க," என்றார், முகமெல்லாம் பெருமை. "இந்த வெயிலுக்கு வெறும் ஐஸ் சூலூரு வர்றதுக்குள்ள தண்ணியாப் போயிருமுங்க. நாங்க உரிச்ச கோழி கோயமுத்தூருக்கு அனுப்பறப்ப ரெண்டு கை கல்லுப்பு போட்டுத்தான் அனுப்புவோம். குளிரு அப்புடியே நிக்குமுங்க. நெம்ப நேரம் கெடாதுங்க."

கறி கெடாதுதான். ஐஸில் உப்புச் சேர்ந்தால் குளிர் இன்னும் கீழே இறங்கும். குப்பிக்குள் கவினின் தசை கல்லாக இறுகிக் கிடந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை தெளிவாகச் சொல்லியனுப்பினேனே, ஆள் படித்தவர்தானே, காதில் என்ன அடைத்திருந்தது? கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. கோழிக்காரர் ஒருவர் தனக்குத் தெரிந்த அத்தனை பக்குவத்தையும் மகனுக்காகச் செய்து கொண்டுவந்து நிற்கிறார். "உக்காருங்க, தண்ணி குடிங்க," என்றேன்.

என்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தேன். சீவிய துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. டிஸ்ட்ரோஃபின் ஸ்லைடில் கோடு இல்லை. ஸ்பெக்ட்ரின் ஸ்லைடிலும் கோடு இல்லை.

மேடம் வழக்கம்போல ஸ்பெக்ட்ரினை முதலில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இதுலயே காணோமே எஸ்தர். அப்புறம் அதுல இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது?"

"மேடம், நமக்குத் தெரியாதா? அந்தக் கெண்டைக்கால், அவன் எந்திரிச்ச விதம், ரத்தம்... எல்லாம் அதுதானே?"

"எனக்குத் தெரியறது வேற. இந்த ஸ்லைடு சொல்றது வேற. இது சொல்லாததை இது சொன்னதா எழுத மாட்டேன். ஒருவேளை மருந்துக்குக் கேக்கற நோயா இருந்தா? அவனைச் சாகவிட்ட மாதிரி ஆயிடும்."

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். ஆனாலும் பல நாள் அந்தச் சரியை நினைத்து அவர் மேல் எரிச்சல் பட்டிருக்கிறேன்.

பெற்றோரைக் கூப்பிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சொன்னார். தசை வழியில் உறைந்துவிட்டது, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்னொரு முறை எடுக்க வேண்டும், இந்த முறை இங்கேயே எடுத்துவிடலாம்.

பழனிசாமி குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் போட்ட உப்புனாலதானுங்களா கோடு காணாமப் போச்சு?"

"இந்த ஸ்லைடுல, ஆமா."

நிமிர்ந்தார். அந்த முகம் எனக்கு மறக்கவே மறக்காது. வருத்தத்தை எதிர்பார்த்தேன். அங்கே வெளிச்சம் வந்தது.

"அப்ப பையனுக்கு அது இருக்கவும் செய்யலாமுங்களா? அந்தக் கயிறு?"

"பழனிசாமி, மத்த அறிகுறியெல்லாம் எனக்கு நல்லாப் படலை. இருக்குன்னு நான் சொல்லலை."

"இல்லைன்னும் சொல்லலீங்களே."

"சொல்லலை. அதனாலதான் மறுபடி எடுக்கணும்ங்கறேன். அதுவரைக்கும் அடுத்த குழந்தை வேண்டாம்."

"சரீங்க மேடம். போயிட்டு வாரமுங்க."

வரவில்லை. இரண்டு முறை போன் செய்தேன். "இன்னொருக்கா அறுக்கோணுமான்னு சுதா அழுகறாளுங்க அக்கா," என்றார் ஒருமுறை. அடுத்த முறை, "இப்பப் பரவால்லீங்க. எண்ணெ தேச்சு உடறோம். அன்னிக்கு உப்புப் பட்டுத்தானுங்க தப்பாக் காட்டிருச்சு," என்றார். தப்பாகக் காட்டவில்லை, எதையுமே காட்டவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, "ஆமாங்க, அதேதானுங்க," என்று வைத்துவிட்டார். பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

வருடங்கள் ஓடின. அதற்குள் எத்தனையோ பிள்ளைகள். ஒருநாள் காலை ஆய்வகக் கதவில் நிழல் தட்டியது. பழனிசாமி நின்றார். தோளில் கவின், நீண்ட கால்கள் இரண்டும் அவர் முழங்கால்வரை தொங்கின. நடை நின்றுபோய்ச் சில மாதங்களாம். பின்னால் சுதா. அவள் இடுப்பில் இரண்டு வயதை எட்டுகிற ஒரு பையன்.

அந்தச் சின்னவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று தோன்றியது, முடியவில்லை.

"தருணுங்க," என்றாள் சுதா, நான் கேட்காமலேயே.

கவின் என்னைப் பார்த்து, "அக்கா, இந்தத் தடவ வலிக்குமுங்களா?" என்றான்.

"தூங்க வெச்சுத்தான் எடுப்பாங்க சாமி. ஒண்ணும் தெரியாது."

"போன தடவயும் அப்புடித்தான் சொன்னாங்க," என்றான். நடக்க முடியாவிட்டாலும் வாய் நன்றாகவே நடந்தது.

அப்போதுதான் பார்த்தேன், பழனிசாமியின் இன்னொரு கையில் அதே நீலப் பெட்டி. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"இது எதுக்குங்க? ஆபரேஷன் தியேட்டர் இங்க மேலதானே இருக்குது?"

"தெரியுமுங்க." கவினை நாற்காலியில் இறக்கிவிட்டு மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே சுத்தமான வெள்ளைத் துணி மட்டும். "ஐஸே போடலீங்க அக்கா. உப்பு கிப்பு ஒண்ணும் இல்லீங்க. நான் கொண்டாறனுங்க. உடுவீங்களா?"

விதிப்படி விடக்கூடாது, தியேட்டர் ஆள்தான் கொண்டுவர வேண்டும். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சரி என்று சொல்வது அப்படித்தான்.

அன்று மேலே தியேட்டர் வாசலில், ஈரத் துணியில் வந்த தசையை நானே குப்பியோடு அவர் பெட்டியில் வைத்தேன். தாழ்வாரம் நெடுக அவர் முன்னால் நடந்தார், ததும்பும் பால் குடத்தைக் கொண்டுபோகிறவர் மாதிரி. நான் பின்னால் போனேன். வழியில் யாரோ "ஓரம் போங்க" என்றபோது சுவரோடு சுவராக ஒட்டி நின்று பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஆய்வகத்தில் நான் குவளையடியில் வெள்ளைக் கட்டி தட்டுவதற்குக் காத்திருந்ததையும், துண்டை உள்ளே விட்டதையும் வாசலில் நின்று பார்த்தார். "இத்தன வேகமா உறையோணுமுங்களா," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஸ்லைடுகள் தயாராயின. மேடத்திடம் கொடுப்பதற்கு முன் நான் ஒரு கண் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஸ்பெக்ட்ரினில் ஒவ்வொரு நாரைச் சுற்றியும் பழுப்புக் கோடு, பென்சிலால் வரைந்ததுபோல. என் வேலைக் காலத்தில் அத்தனை சுத்தமான ஸ்லைடு நான்கைந்துகூடத் தேறாது. மேடம் அதை முதலில் பார்த்தார். அதை எடுத்து வைத்துவிட்டு, டிஸ்ட்ரோஃபினைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கை கழுவப் போனார்.

"நானும் ஒருக்காப் பாக்கலாமுங்களா மேடம்?" என்றார் பழனிசாமி. அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடம் அதுவரை யாரையும் பார்க்க விட்டதில்லை. அன்று தன் நாற்காலியைக் கொடுத்தார்.

முதலில் நோயில்லாத ஒருவரின் தசையைக் காட்டினார். "கோடு தெரியுதா?" "தெரியுதுங்க." பிறகு கவினின் ஸ்பெக்ட்ரின். "இதுலயும் இருக்குதுங்க." பிறகு கவினின் டிஸ்ட்ரோஃபின்.

பழனிசாமி ஸ்லைடை எப்படி நகர்த்துவது என்று கேட்டார், சொல்லிக்கொடுத்தேன். மெல்ல நகர்த்திக்கொண்டே போனார், முழுத் துண்டையும். திடீரென்று, "ஏனுங்க! இங்க ஒண்ணு இருக்குதுங்களே! நல்லாக் கோடு போட்டு இருக்குது, பாருங்க, பாருங்க!" என்றார்.

மேடம் குனிந்து பார்த்தார். இருந்தது. வெறும் நார்களுக்கு நடுவே தன்னந்தனியாக ஒரே ஒரு நார், சுற்றிலும் பழுப்புக் கோட்டோடு. இந்த நோயில் சில சமயம் அங்கொன்று இங்கொன்றாக அப்படி வரும்.

"ஆமா பழனிசாமி. அது இருக்கு. ஆனா அது ஒண்ணு மட்டும் போதாது."

"ஒண்ணுதானுங்களா?"

"ஒண்ணுதான்."

அவர் மறுபடி கண்ணை வைத்து அந்த ஒரு நாரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

பிறகு மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சொன்னார், ஒளிக்காமல். பருத்த கெண்டைக்கால் பலமில்லை, நோயின் அடையாளம் என்பது, மாத்திரை, மூச்சுப் பயிற்சி, இதயத்தைப் பார்த்துக்கொள்வது. சுதா கேட்டாள், "என்கிட்ட இருந்துதானுங்களா வந்துச்சு?" "ரத்தம் பாத்தாத்தான் தெரியும். தெரிஞ்சாலும் அது குத்தம் இல்லை சுதா. யாரும் தெரிஞ்சு குடுக்கறதில்லை," என்றார் மேடம். சுதா தருணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். தருண் அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"சின்னவனையும் அறுக்கோணுமுங்களா?" என்றார் பழனிசாமி.

"வேண்டாம். அண்ணனுக்குத் தெரிஞ்சுருச்சு. இவனுக்கு ரத்தம் போதும்."

அன்றே ரத்தம் எடுத்தார்கள். முடிவு அடுத்த நாள் வந்தது. அண்ணனுக்கு என்னவோ அதுவேதான் தம்பிக்கும். கவின் இருபதைத் தொடவில்லை. தருண் இப்போது சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பண்ணைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் பார்க்கிறான் என்று கேள்வி. மேடம் காலமாகிவிட்டார். இதெல்லாம் பின்னால் நடந்தவை. நான் சொல்ல வந்தது அந்த ஒரு நாளை, ரத்தம் எடுத்த பிறகு அவர்கள் கிளம்பிய நேரத்தை.

சுதாவும் கவினும் முன்னால் போய்விட்டார்கள், கவினுக்குச் சக்கர நாற்காலி கொடுத்திருந்தார்கள். தருண் கையில் ஒட்டிய பஞ்சை நோண்டிக்கொண்டு அப்பாவின் காலடியில் நின்றான். பழனிசாமி பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினார்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"இந்தத் தடவ நான் கொண்டாந்தது நல்லா இருந்துச்சுங்களா? ஓட்ட கீட்ட ஒண்ணும் இல்லாம?"

ஓட்டை இருந்தது என்று சொல்லிவிட மாட்டேனா என்று ஒரு கணம் மனசு அடித்துக்கொண்டது.

"நல்லா இருந்துச்சுங்க. ஒரு ஓட்டகூட இல்லீங்க."

தலையை மெல்ல ஆட்டினார். "அப்ப அன்னிக்கும் உப்புனால இல்லீங்க, கயிறே இல்லீங்க," என்றார். "இத்தன வருசமா உப்பையே நெனச்சுப்போட்டு இருந்துட்டனுங்க அக்கா."

பெட்டியைத் தரையில் வைத்தார். குனிந்து, தருணின் கெண்டைக்காலை ஒரு கையால் பிடித்துப் பார்த்தார். பிடித்த கையை எடுக்காமலேயே என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.